ஓர் அங்குலம் இறங்கிய வண்டி

என் குரூஸர் வகை மோட்டார் சைக்கிள் முதன்முதலாகக் கீழே விழுந்தபோது அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு சாலைச் சந்திப்பில் சும்மா நின்றுகொண்டிருந்தது. சாலையின் இடப்பக்கம் சற்றே சரிந்திருந்தது, ஓரத்தில் பொடி ஜல்லி சிதறிக் கிடந்தது. வலக்கால் பின் பிரேக்கை அழுத்தியிருக்க, இடக்காலை ஊன்றினேன். பாதத்தின் முன்பாதி மட்டும் தரையைத் தொட்டது, குதிகால் அந்தரத்தில் நின்றது. ஜல்லியின் மேல் பூட்ஸ் நான்கு விரற்கடை நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். நான் பற்களைக் கடித்துக்கொண்டு இரு கைகளாலும் இழுத்துப் பிடித்திருக்கும்போதே வண்டி மெல்லச் சாய்ந்து படுத்துவிட்டது. காலை உருவிக்கொண்டதால் எனக்கு அடி இல்லை. கிளட்ச் லீவர் வளைந்தது, டேங்கின் ஓரத்தில் ஒரு குழி விழுந்தது. பின்னால் வந்த காரிலிருந்து இருவர் இறங்கி வந்து தூக்கிவிட்டார்கள்.

அன்று இரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியின் எடை 240 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்திலும், ஹேண்டில்பாரின் பிடி 95 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொண்டால், வண்டி 10 டிகிரி சாய்ந்திருக்கும்போது அதைத் தாங்க ஹேண்டில்பாரில் சுமார் 22 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 20 டிகிரி சாய்ந்துவிட்டால் அந்த 22 கிலோ 43 கிலோவாகிவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும் வண்டியை ஒரு விரலால் நிறுத்திவைக்கலாம். சாயத் தொடங்கிய வண்டியோ ஒவ்வொரு டிகிரிக்கும் இரண்டு கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கேட்கிறது. ஆக, ஊன்றிய காலின் வேலை வண்டியைத் தாங்குவது அன்று, சாயவே விடாமல் முதல் இரண்டு மூன்று டிகிரியிலேயே பிடித்துக்கொள்வதுதான். நுனிக்காலில் நிற்பவருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. கால் எட்ட வேண்டும் என்பதற்காகவே அவர் வண்டியை முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்த்துக்கொள்கிறார். விழுவதற்கான பாதித் தூரத்தை அவரே கடந்துவிடுகிறார்.

வண்டியின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களின் அதிர்ச்சியை விழுங்கும் ஸ்பிரிங் அமைப்பை, இறக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது இந்தக் காரணத்தால்தான். இரண்டு முறை இறக்கினேன். முதல் முறை தவறாக, இரண்டாம் முறை ஓரளவு சரியாக. இவ்விரண்டு அனுபவங்களிலிருந்தும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: எதற்காக இறக்குகிறோம் என்பது தெளிவாக இருந்தால், எவ்வளவு இறக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும், எந்த வழியில் இறக்க வேண்டும் ஆகிய மூன்றையும் அந்தக் காரணமே சொல்லிவிடும். காரணம் கலங்கலாக இருந்தால், கடையில் எந்த அளவு ஷாக் அப்சார்பர் கிடைக்கிறதோ அதுவே நம் வண்டியின் உயரத்தைத் தீர்மானிக்கும்.

குரூஸர் என்பதே தாழ்வான வண்டிதானே, அதை மேலும் ஏன் இறக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஹார்லி டேவிட்சன் 1977இல் வெளியிட்ட லோ ரைடர், தன் பெயரிலேயே தாழ்வைச் சூடிக்கொண்டு 27 அங்குல இருக்கையோடு வந்தது. இன்றைய ஹோண்டா ரெபெல் 500இன் இருக்கை 690 மி.மீ. உயரம், கவாஸாகி வல்கன் எஸ் 705 மி.மீ. நெடும்பயணத்துக்கான அட்வென்ச்சர் வகை வண்டிகள் பல 850 மி.மீ.க்குக் குறைவதில்லை என்பதோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் மணைக்கட்டை உயரம்தான். ஆனால் ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350 போன்ற குரூஸரின் இருக்கை 765 மி.மீ. இருக்கிறது. தவிர, எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் இந்த அளவை எடுப்பதில்லை. ஹார்லி டேவிட்சன் தரும் அளவு, சுமார் 82 கிலோ எடையுள்ள ஓர் ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமிழ்ந்த நிலையில் எடுக்கப்படுவது. வேறு பலர் ஆளில்லாத வண்டியை அளக்கிறார்கள். இரண்டு விளம்பரத் தாள்களை அருகருகே வைத்து எது தாழ்வு என்று முடிவு செய்ய முடியாது.

உயரத்தைவிடவும் அகலம் பல சமயம் கூடுதலாக வஞ்சிக்கும். குரூஸரின் இருக்கை சொகுசுக்காக அகலமாகத் தைக்கப்படுகிறது. அகலமான இருக்கையில் தொடை முதலில் பக்கவாட்டில் விரிந்து, அதன் பிறகுதான் கீழே இறங்குகிறது; அந்த விரிவில் காலின் நீளம் கரைந்துபோகிறது. ஒரே 700 மி.மீ. உயரத்தில், முன்புறம் ஒடுக்கமான இருக்கை கொண்ட வண்டியில் பாதம் பதிந்து நிற்கும், அகலமான இருக்கை கொண்ட வண்டியில் குதிகால் தூக்கும். ஃபுட்ரெஸ்ட் நடுவில் அமைந்த வண்டிகளில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது: நேராகக் கீழே இறங்க வேண்டிய கெண்டைக்கால், ஃபுட்ரெஸ்டில் மோதி முன்னோ பின்னோ விலகி இறங்க வேண்டியிருக்கிறது. என் வண்டியில் இவ்விரண்டு குறைகளும் இருந்தன. அதைத் தெரிந்துகொள்ளாமலே, சஸ்பென்ஷன் ஒன்றுதான் குற்றவாளி என்று நினைத்துவிட்டேன்.

குட்டையானவர்கள் மட்டும்தான் வண்டியை இறக்குகிறார்கள் என்பதும் சரியல்ல. என்னோடு நெடும்பயணம் வரும் நண்பர் ஒருவர் என்னைவிட ஒரு சாண் உயரம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டபின் அவரால் வலக்காலை இருக்கைக்கு மேலே தூக்கிப் போட முடியவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஊன்றும் கால் தரையை எட்டுவதன்று, தூக்கும் கால் இருக்கையைத் தாண்டுவது. அவர் பின்பக்கத்தை ஓர் அங்குலம் இறக்கி, பின்னிருக்கையின் முதுகுச் சாய்வைக் கழற்றினார். ஏறுவதும் இறங்குவதும் வலியில்லாமல் ஆனது; ஓட்டுவதை அவர் விடவில்லை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கும், பின்னால் வயதானவர்களை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே காரணம் பொருந்தும். ஓடும் வண்டியில் யாருக்கும் உயரம் ஒரு பொருட்டில்லை. ஏறும்போது, இறங்கும்போது, நிற்கும்போது, இறங்காமலே வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தும்போது, நின்ற இடத்தில் பக்கக்காற்று அடிக்கும்போதுதான் உயரம் உறைக்கிறது. வண்டி செய்பவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2021இல் வந்த ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்கா ஒரு குரூஸர் அன்று, உயரமான அட்வென்ச்சர் வண்டி. ஆனால் அதற்கென வந்த ஒரு வசதி, வண்டி நிற்கப்போகும்போது தானாகச் சஸ்பென்ஷனை ஓரிரு அங்குலம் இறக்கி, புறப்பட்டதும் மீண்டும் உயர்த்திவிடுகிறது. தாழ்வு எந்த நேரத்தில் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடையை நான் கண்டதில்லை.

அடுத்து அடிக்கடி சொல்லப்படும் காரணம், ஈர்ப்பு மையம் இறங்கினால் வண்டி நன்றாகக் கையாளும் என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுபாதியை நின்று யோசிக்க வேண்டும். நின்ற வண்டியைத் தாங்குவதற்கு ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பது உதவும். ஆனால் 50 செ.மீ. உயரத்தில் இருப்பது 25 மி.மீ. இறங்கினால், தாங்க வேண்டிய சுமை 5 விழுக்காடுதான் குறைகிறது. 22 கிலோ இருந்த இடத்தில் 21 கிலோ. என்னை விழாமல் காப்பாற்றுவது அந்த ஒரு கிலோ அன்று, பதிந்து நிற்கும் குதிகால். பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறும் சுமையும் இதே விகிதத்தில்தான் குறையும். ஊர்ந்து போகும் வேகத்தில் சமநிலை எளிதாகும் என்று சொல்வதோ பெரும்பாலும் தலைகீழான எண்ணம். உள்ளங்கையில் ஒரு நீளமான கம்பை நிறுத்திப் பாருங்கள், பிறகு ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள். கம்பு நிதானமாகச் சாயும், திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும். பென்சில் கண்ணிமைப்பதற்குள் விழுந்துவிடும். உயரமான பொருள் மெதுவாகச் சாயும் என்பதே இதன் காரணம். வளைவிலும் அப்படித்தான். அகலமான டயர் உள்ள வண்டி சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் உட்பக்கமாக நகர்கிறது. ஈர்ப்பு மையம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த நகர்வை ஈடுகட்டக் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும். ஆகவே வளைவுகளில் திறமையாக ஓட்டுவதற்காக ஒருவர் குரூஸரை இறக்குவதாகச் சொன்னால், தயவுசெய்து வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

நேர்க்கோட்டில் சீறிப் பாயும் டிராக் (drag) பந்தயத்தில் மட்டும் இந்தக் காரணம் முழுமையாக நிற்கிறது. அங்கே வண்டியின் எதிரி, முன்சக்கரம் மேலே தூக்குவது. ஈர்ப்பு மையத்தை இறக்கி, சக்கரங்களுக்கிடையே உள்ள தூரத்தை நீட்டினால் முன்சக்கரம் தரையில் இருக்கும், எஞ்சினின் விசை முழுவதும் ஓட்டத்துக்குப் போகும். சாலையில் ஓடும் நீண்ட, தாழ்ந்த குரூஸர்களின் தோற்றத்தில் அந்தப் பந்தய வண்டிகளின் சாயல் தெளிவாகத் தெரிகிறது.

தோற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது நான் மழுப்ப விரும்பவில்லை. தாழ்ந்த குரூஸர் அழகாக இருக்கிறது. பின்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடம் குறையும்போது, ஸ்டீயரிங் தலையிலிருந்து பின் அச்சு வரை ஒரே கோடு இறங்கி வருவதுபோல் தெரிகிறது. பின்பக்கம் சஸ்பென்ஷனே இல்லாத பழைய வண்டிகளின் கோடு அது. அந்தக் கோட்டின் மீதுள்ள ஆசைக்காகவே பில் டேவிஸ் என்ற பொறியாளர் பின் ஷாக் அப்சார்பர்களைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்துவைக்கும் அமைப்பை உருவாக்கினார். ஹார்லி டேவிட்சன் அதை வாங்கி 1984 மாடலாக சாஃப்ட்டெயில் என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்தப் பழைய சாஃப்ட்டெயில்களில் ஷாக் அப்சார்பர்கள் வண்டியின் அடியில் படுத்துக் கிடக்கும், சக்கரம் மேலே ஏறும்போது அமுங்காமல் இழுபடும். அதனால் மற்ற வண்டிகளை இறக்க ஷாக் அப்சார்பரின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்றால், அதில் நீட்ட வேண்டும். தெரியாமல் குறைத்துவிட்டு, வண்டி உயர்ந்து நிற்பதைப் பார்த்து விழித்தவர்கள் உண்டு. அழகுக்காக இறக்குவது ஒரு குற்றமன்று. ஆனால் அழகுக்கு ஓர் எல்லை கிடையாது. கால் பதிந்ததும் தேவை முடிந்துவிடும். கண்ணோ, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் முதல் முறை செய்த தவறு இங்கேதான். கால் எட்டவில்லை என்பது காரணம், ஆனால் வாங்கும்போது கண்தான் வாங்கியது. பின்பக்கத்தை 50 மி.மீ. இறக்கும் குட்டை ஷாக் அப்சார்பர்களை வாங்கி, முன்பக்கத்தைத் தொடாமல் விட்டுவிட்டேன். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது: வண்டியின் சட்டத்துக்கு அடியில் ஜாக் கொடுத்துப் பின்சக்கரத்தை லேசாகத் தூக்கி, மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தி, டார்க் ரெஞ்சால் முறுக்கி, அவ்வளவுதான். ஏறி உட்கார்ந்தபோது இரண்டு குதிகால்களும் தரையில் பதிந்தன. அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியை நான் இன்றும் மறக்கவில்லை.

அடுத்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. முதலில் சைடு ஸ்டாண்டு. வண்டி இறங்கியது, ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருந்தது. அதனால் வண்டி ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது. ஒருநாள் வலப்பக்கம் சரிந்த தரையில் நிறுத்திவிட்டுத் திரும்பியபோது, அது எதிர்ப்பக்கம் கவிழப்போனதை முழங்காலால் தாங்கிப் பிடித்தேன். நிற்கும்போது விழக்கூடாது என்பதற்காக இறக்கிய வண்டி, நான் அதன்மேல் இல்லாதபோது விழப்பார்த்தது.

பிறகு ஹெட்லைட். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே என் வண்டியில் 1,600 மி.மீ. இருக்கிறது. பின்பக்கம் மட்டும் 50 மி.மீ. இறங்கினால் முழு வண்டியும் ஏறத்தாழ 1.8 டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது. கேட்க அற்பமாகத் தோன்றும் இந்தக் கோணம், 25 மீட்டர் தூரத்தில் வெளிச்சத்தை முக்கால் மீட்டருக்கு மேல் உயர்த்திவிடுகிறது. எதிரே வருகிறவர்கள் ஏன் விளக்கை மின்னுகிறார்கள் என்று பல இரவுகள் புரியாமல் ஓட்டினேன்.

அதே 1.8 டிகிரி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்களான ஃபோர்க்கின் சாய்வையும் கூட்டிவிட்டது. ஃபோர்க் எவ்வளவு படுத்திருக்கிறதோ, அந்த அளவுக்கு டிரெயில் என்னும் அளவும் கூடும். ஸ்டீயரிங்கின் அச்சுக்கோட்டைத் தரைவரை நீட்டினால் அது படும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலுள்ள தூரம்தான் டிரெயில். என் வண்டியில் அது 12 மி.மீ. போலக் கூடியிருக்கும் என்பது என் கணக்கு. நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது இதனால் நிலைத்தன்மை கூடியது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடைவேகத்தில் முன்சக்கரம் தானாக உள்ளே மடங்கத் தொடங்கியது. யு வளைவு எடுக்கும்போது ஹேண்டில்பார் கையை இழுத்தது. எந்த வேகத்தில் எனக்கு நம்பிக்கை வேண்டும் என்று வண்டியை இறக்கினேனோ, அதே வேகத்தில் வண்டி கனத்துப்போனது.

மிகவும் அஞ்ச வேண்டியது வளைவில் உரசுவது. சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் ஃபுட்ரெஸ்ட், பின்பக்கம் 50 மி.மீ. இறங்கியதால் தானும் 25 மி.மீ. இறங்கியது. வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 400 மி.மீ. வெளியே, தரையிலிருந்து 240 மி.மீ. உயரத்தில் இருந்த அதன் நுனி, முன்பு 31 டிகிரி சாய்ந்தால்தான் தரையைத் தொடும். இப்போது 28 டிகிரியிலேயே தொட்டது. 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் இதை வேகமாக மாற்றிப் பார்த்தால், மணிக்கு 48 கி.மீ. வரை உரசாமல் போனது 45 கி.மீ.யிலேயே உரசும். வித்தியாசம் மூன்றே கி.மீ.தான். பழகிய உடம்பு அந்த மூன்றைக் கணக்கில் வைத்திருக்காததுதான் ஆபத்து. எத்தனையோ முறை போன ஒரு வளைவில், எப்போதும் போகும் வேகத்தில், காலடியில் திடீரெனக் கரகரவென்று சத்தம் கேட்டது. திடுக்கிட்டு வண்டியை நிமிர்த்தினேன், நிமிர்ந்த வண்டி எதிர்ச்சாலையை நோக்கிப் போனது. எதிரே யாரும் வரவில்லை என்பதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இறங்கிப் பார்த்தேன். ஃபுட்ரெஸ்டின் அடியில் இருக்கும் சிறு போல்ட், ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்து வெள்ளியாக மின்னியது. அந்த போல்ட் அங்கே இருப்பதே எச்சரிக்கைக்காகத்தான். ஃபுட்ரெஸ்ட் மடங்கக்கூடியது, அதனால் உரசினாலும் மடங்கிக்கொடுக்கும். அதற்கு அடுத்து உரசப்போவது சைலன்சரோ ஸ்டாண்டின் பிடிப்போ, அவை மடங்காதவை. மடங்காத ஒன்று தரையில் ஊன்றிவிட்டால், டயரையே தரையிலிருந்து நெம்பித் தூக்கிவிடும்.

சவாரியும் முரடாகிவிட்டது. பின்சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய அசைவு, முன்பு 100 மி.மீ. இருந்தது, 60 மி.மீ.யாகச் சுருங்கியது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பிங்கை விட்டுவிட்டு ஸ்பிரிங்கை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு பள்ளத்தின் அதே அதிர்ச்சியை 100 மி.மீ.க்குப் பதில் 60 மி.மீ.க்குள் விழுங்க, ஸ்பிரிங் ஏறத்தாழ 2.8 மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். என் புதிய ஷாக் அப்சார்பர்களில் அவ்வளவு விறைப்பு இல்லை. சிறு மேடுகளில் மென்மையாக இருப்பதுபோல் தோன்றி, பெரிய பள்ளத்தில் அடிவரை இறங்கி உலோகத்தோடு உலோகம் மோதியது. அந்த அடி நேராக முதுகெலும்பின் கடைசிக் கணுவில் விழுந்தது. அதோடு, சக்கரம் முன்பைவிட மட்கார்டை நெருங்கி வந்ததில், உள்பக்கம் ஓடும் பின்விளக்கின் ஒயரை டயர் தேய்த்து ஒரு பக்கத் தோலை உரித்திருந்தது. விளக்கு அணைவதற்கு முன் அதைக் கண்டது என் நல்ல நேரம்.

மீண்டும் தொடங்கியபோது ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. அளவு நாடாவை எடுத்தார். பழைய ஷாக் அப்சார்பர்களைத் திரும்பப் பொருத்தச் சொல்லி, மூன்று அளவுகளை எடுத்தார்: பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அச்சிலிருந்து மட்கார்டுக்கு எவ்வளவு, வண்டி தானாக நிற்கும்போது எவ்வளவு, முழு உடையோடு நான் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு. ஆள் ஏறியதும் சஸ்பென்ஷன் அதன் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து 30 விழுக்காடு வரை அமிழ வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 100 மி.மீ. அசைவுள்ள என் வண்டி 25 முதல் 30 மி.மீ. வரை அமிழ்ந்திருக்க வேண்டும். அமிழ்ந்ததோ 14 மி.மீ.தான். தொழிற்சாலை ஸ்பிரிங்குகள் என்னைவிடக் கனமானவரை, அவர் பின்னால் ஒருவரையும் சேர்த்து, மனத்தில் வைத்துத் தேர்ந்தவை. நானோ 58 கிலோ. என் வண்டி எனக்கு உயரமாக இருந்ததற்கு ஒரு காரணம், அது என் எடைக்கு இறங்கவே இல்லை என்பது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் அளவான பிரீலோடைக் குறைத்ததும் அமிழ்வு 22 மி.மீ. ஆனது. ஒரு ரூபாய் செலவில்லாமல், சவாரியும் மென்மையாகி, இருக்கை 8 மி.மீ. இறங்கியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தேவையான அமிழ்வு ஏற்கெனவே இருக்கும் வண்டியில், இன்னும் தாழ வேண்டும் என்பதற்காகப் பிரீலோடைத் தளர்த்துவது கடன் வாங்கிச் செலவு செய்வது போன்றது. பள்ளத்துக்காக வைத்திருக்க வேண்டிய அசைவை, நிற்கும்போதே தின்றுவிடுகிறோம். என் எடையில் இருந்தது உண்மையான உபரி. 90 கிலோ உள்ளவருக்கு அது இருக்காது.

அடுத்ததாக இருக்கை. அதன் முன்பகுதியில், தொடைகள் இறங்கும் இடத்தில், ஸ்பாஞ்சை இருபுறமும் சீவி ஒடுக்கி உறையைத் திரும்பத் தைத்தோம். உட்காரும் எலும்புகளுக்கு அடியில் ஒரு மி.மீ. கூட எடுக்கவில்லை, அங்கே எடுத்தால் நூறு கி.மீ. தாண்டியதும் உடம்பு தண்டிக்கும். இந்த ஒடுக்கத்தால் கால் இன்னும் நேராக இறங்கியது. இதற்குப் பிறகும் குதிகால் பதிய எவ்வளவு குறைகிறது என்று, குதிகாலுக்கு அடியில் மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தோம். ஏறத்தாழ 25 மி.மீ. வந்தது. ஓர் அங்குலம். நான் முதலில் பின்பக்கம் இறக்கியதில் பாதி.

அந்த ஓர் அங்குலத்தை முன்னும் பின்னும் சமமாக இறக்கினோம். பின்பக்கத்துக்கு 25 மி.மீ. குறைவாக நிற்க வைக்கும் ஷாக் அப்சார்பர், என் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கோடு. கீழ்ப் பிடிப்பை மட்டும் இடம் மாற்றி வைக்கும் இறக்கு கட்டைகள் மலிவாகக் கிடைத்தன. மெக்கானிக் வேண்டாம் என்றார். அவை ஷாக் அப்சார்பரின் சாய்வையும் நெம்புவிசையின் விகிதத்தையும் மாற்றிவிடும், போல்ட்டின் மேல் வளைவுச் சுமையையும் ஏற்றும் என்பது அவர் சொன்ன காரணம். முன்பக்கத்தில், ஃபோர்க் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் கவ்விகளுக்குள் மேலே நகர்த்தினோம். சாய்ந்த குழாயை 25 மி.மீ. நகர்த்தினால் வண்டி 25 மி.மீ. இறங்காது, 30 டிகிரி சாய்வில் சுமார் 22 மி.மீ.தான் இறங்கும். ஆகவே 29 மி.மீ. நகர்த்த வேண்டியிருந்தது. இந்த முறையில் ஃபோர்க்கின் அசைவு குறையாது என்பது நன்மை. அதே காரணத்தால், முழுதாக அமுங்கும்போது முன் மட்கார்டு கீழ்க் கவ்வியில் இடிக்குமா என்று பார்த்தே ஆக வேண்டும். ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்துவிட்டு, ஃபோர்க்கைக் கையால் அடிவரை அமுக்கிப் பார்த்தோம். ஒரு விரல் நுழையும் இடம் மீதமிருந்தது. ஹேண்டில்பாரும் உறைகளும் இடம் கொடுக்காத வண்டிகளில் இது முடியாது. அவற்றில் ஃபோர்க்குக்குள்ளேயே குட்டை ஸ்பிரிங்கும் அதற்கேற்ற அடைப்புக் குழாயும் வைத்து இறக்க வேண்டும், அசைவும் அதற்கேற்பக் குறையும்.

சைடு ஸ்டாண்டை வெட்டி ஒட்டவைத்தோம், செயினின் தளர்வைப் புதிய நிலையில் மீண்டும் பார்த்தோம். ஹெட்லைட்டைச் சுவரில் கோடு போட்டு, நான் வண்டிமேல் உட்கார்ந்திருக்கும்போதே சரிசெய்தோம். ஃபோர்க் குழாயில் ஒரு மெல்லிய கேபிள் டையைக் கட்டிவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன். சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அதுவரை அது நகர்ந்து அங்கேயே நின்றுவிடும். முடிவில் இன்னும் 12 மி.மீ. மீதி காட்டியது. அடிவரை இடிக்கவில்லை.

இதில் தீராதது ஒன்று உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ஃபுட்ரெஸ்ட் இப்போதும் முதல் முறை போலவே 25 மி.மீ. இறங்கித்தான் இருக்கிறது. முன்னும் பின்னும் சமமாக இறக்கியதால் ஸ்டீயரிங்கின் குணம் பழையபடி வந்தது, வெளிச்சம் கீழே இறங்கியது, இடிப்பு நின்றது. ஆனால் 31 டிகிரி 28 டிகிரியாகவே இருக்கிறது. அந்த மூன்று டிகிரிதான் பதிந்து நிற்கும் குதிகாலுக்கு நான் கொடுத்த விலை. புதிய உயரத்தில் ஆளில்லாத ஒரு வெட்டவெளியில் வட்டமடித்து, உரசும் இடம் எது என்று உடம்புக்குத் தெரியும்வரை பழகினேன். மலைச்சாலையில் வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்கிறேன். உயரமான வேகத்தடைகளை நேராக ஏறாமல் சற்றே கோணலாக ஏறுகிறேன். வளைவுகளில் உரசும் எல்லைவரை ஓட்டுவதே தன் மகிழ்ச்சி என்று சொல்பவருக்கு, கால் எட்டாவிட்டாலும்கூட, சஸ்பென்ஷனை விட்டுவிட்டு இருக்கையை ஒடுக்கவும் தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் அணியவும்தான் சொல்வேன்.

கழற்றிய பழைய ஷாக் அப்சார்பர்கள், ஸ்டாண்டிலிருந்து வெட்டிய துண்டு, ஃபோர்க் பழைய இடத்தில் இருந்தபோது எடுத்த அளவுகள் எழுதிய தாள் ஆகிய மூன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். இந்த வண்டியை ஒருநாள் வேறொருவர் வாங்குவார். அவருடைய கால் என்னுடையதைவிட நீளமாக இருக்கக்கூடும்.